கடன்காரனைப் பிழைக்க விட்ட ஒப்பந்தம்

1946-ம் ஆண்டின் கடைசி நாள். ஜெர்மனியின் கொலோன் நகரில், ரீல் பகுதியிலுள்ள புனித எங்கல்பெர்ட் தேவாலயத்தில் கார்டினல் யோசெஃப் ஃப்ரிங்ஸ் பிரசங்கம் செய்கிறார். அந்த நூற்றாண்டின் கொடிய குளிர்காலங்களில் ஒன்று அது. குண்டுவீச்சில் நகரின் மையப்பகுதி ஏறக்குறைய முழுவதும் தரைமட்டமாகியிருந்தது. சுவர் நின்ற வீட்டில் கூரை இல்லை; கூரை இருந்த வீட்டில் ஜன்னல் கண்ணாடி இல்லை; அடுப்புக்கு நிலக்கரி பெரும்பாலான வீடுகளில் இல்லை. ரூர் சுரங்கங்களில் வெட்டிய நிலக்கரியோ சரக்கு ரயில்களில் அவர்கள் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. திருடாதே என்று போதிக்க வேண்டிய கார்டினல் அன்று வேறொன்றைச் சொன்னார். உழைத்தும் கிடைக்காமல், கேட்டும் கிடைக்காமல் போகும்போது, உயிரையும் உடம்பையும் காப்பாற்றிக்கொள்ளத் தேவையானதை ஒருவர் எடுத்துக்கொள்ளலாம் என்றார். தேவைக்கு மிஞ்சி எடுத்தவர்கள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சேர்த்துத்தான் சொன்னார். மக்கள் மனத்தில் தங்கியது முதல் பாதி. சிக்னலில் நிற்கும் ரயிலில் ஏறி நிலக்கரியை உருட்டித் தள்ளிக்கொண்டிருந்த பெண்களும் சிறுவர்களும் அதன்பின் மனக்குத்தல் இல்லாமல் ஏறினார்கள்.

அந்தக் குளிரில் நடுங்கியவர்களுக்காக இரங்க மனமில்லாதவர்கள் ஐரோப்பாவில் கோடிக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. வார்சா நகரைத் தெருத்தெருவாகக் கொளுத்தியது ஜெர்மன் படை. ரோட்டர்டாமைக் குண்டுபோட்டு எரித்தது. அதன் ஆக்கிரமிப்பின் கீழ் 1941-42 குளிர்காலத்தில் ஏதென்ஸ் தெருக்களில் மக்கள் பட்டினியால் விழுந்து செத்தார்கள். அறுபது லட்சம் யூதர்கள் திட்டமிட்டுக் கொல்லப்பட்டார்கள். போரால் சிதைந்த நாட்டைப் பல நாடுகள் கூடிக் கட்டி எழுப்பிய கதை என்றால், அநியாயமாக அடிபட்ட நாட்டின் கதையைத்தான் நாம் எதிர்பார்ப்போம். ஊரையெல்லாம் அடித்துவிட்டுத் தானும் விழுந்து கிடக்கும் நாட்டை என்ன செய்வது என்ற கேள்வி அதைவிடக் கடினமானது. இந்த வாரம் அந்தக் கேள்விதான்.

இதே கேள்வி 1919-லும் வந்தது. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியிடம் நஷ்ட ஈடு வசூலிப்பது என்று வெர்சாய் ஒப்பந்தம் முடிவு செய்தது. தொகை 1921-ல் அறிவிக்கப்பட்டது: 13,200 கோடி தங்க மார்க். இப்படி வசூலிப்பது நடக்காது, நடத்திக் காட்ட முயன்றால் ஐரோப்பாவே சேர்ந்து கெடும் என்று 1919-லேயே பிரிட்டிஷ் நிதித்துறைப் பதவியை உதறிவிட்டு வந்து புத்தகம் எழுதினார் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ். தவணை தவறியது என்று 1923 ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர் பகுதிக்குள் புகுந்தன. அந்த நவம்பரில் ஒரு டாலரின் விலை 4 லட்சத்து 20 ஆயிரம் கோடி மார்க். பிறகு நஷ்ட ஈட்டைக் கட்டவே கடன், அந்தக் கடனுக்கு வட்டி என்று 1924-ல் டாவ்ஸ் திட்டம், 1929-ல் யங் திட்டம். ஹிட்லர் எழுந்ததற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்வது தவறு. ஆனால் அவர் மேடைக்கு மேடை விற்ற சரக்கு இந்த அவமானம்தான்.

இருந்தும் 1945-ல் அதே பாதையில்தான் அடியெடுத்து வைத்தார்கள். ஜெர்மனியின் கனரகத் தொழிலைப் பிடுங்கிவிட்டு அதை விவசாய நாடாக்கிவிடலாம் என்று அமெரிக்க நிதியமைச்சர் மார்கென்தாவ் ஏற்கெனவே யோசனை சொல்லியிருந்தார். அது முழுதாக நிறைவேறாவிட்டாலும், ஆலைகளைக் கழற்றிக்கொண்டு போகும் வேலை நடந்தது. இதன் செலவு வென்றவர்கள் தலையிலேயே விழுந்தது. போர் உச்சத்தில் இருந்தபோதுகூட ரொட்டிக்கு ரேஷன் வைக்காத பிரிட்டன், சமாதானம் வந்த பிறகு 1946 ஜூலையில் ரொட்டிக்கு ரேஷன் போட்டது. தன் கையிலிருந்த ஜெர்மன் பகுதிக்குத் தானியம் அனுப்ப வேண்டியிருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 1947-ன் தொடக்கத்தில் நேரில் போய்ப் பார்த்துவந்த முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஹெர்பர்ட் ஹூவர், இரண்டரைக் கோடிப் பேரை அழித்தாலோ வெளியேற்றினாலோ ஒழிய ஜெர்மனியை விவசாய நாடாக்க முடியாது என்று முகத்திலடித்தாற்போல் எழுதினார். அந்த வசந்தத்தில் அவருடைய முயற்சியால் லட்சக்கணக்கான ஜெர்மன் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கிடைத்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்த ஏனத்தை நீட்டிப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்.

1947 ஜூன் 5-ம் தேதி ஹார்வர்டில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் மார்ஷல் ஐரோப்பாவுக்கு உதவுவது பற்றிப் பேசியதும், 1948 ஏப்ரல் 3-ம் தேதி ஜனாதிபதி ட்ரூமன் அந்த உதவிக்கான சட்டத்தில் கையெழுத்திட்டதும் எல்லாரும் அறிந்த கதை. டாலர்கள் கொட்டின, ஜெர்மனி எழுந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஏறக்குறைய 1,300 கோடி டாலரில் மேற்கு ஜெர்மனிக்குக் கிடைத்தது சுமார் 140 கோடிதான். பிரிட்டனுக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். மற்ற நாடுகளுக்குப் பெரும்பகுதி மானியமாகப் போனது. ஜெர்மனிக்குக் கொடுத்ததோ திருப்பித் தர வேண்டிய தொகையாகப் புத்தகத்தில் ஏறியது.

தொகையைவிட எனக்கு வியப்பாக இருப்பது, அந்தப் பணம் நடந்த விதம். அமெரிக்காவிலிருந்து பஞ்சுப் பொதி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் விலையை டாலரில் அமெரிக்க அரசு கட்டிவிடும். நூற்பாலை முதலாளிக்குப் பஞ்சு இலவசம் கிடையாது. அவர் மார்க்கில் முழு விலை கொடுக்க வேண்டும். அந்த மார்க் அமெரிக்காவுக்குப் போகாமல் உள்நாட்டில் ஒரு தனிக் கணக்கில் சேரும். அந்தக் கணக்கிலிருந்து எதற்கு எடுப்பது என்பதை இரு தரப்பும் கலந்து முடிவு செய்யும். பஞ்சு நூலாகிவிட்ட பிறகும் அதன் விலை ஊருக்குள்ளேயே முதலாக நின்றது. பிரிட்டன் இந்தப் பணத்தைப் பழைய அரசுக் கடனை அடைக்கப் பயன்படுத்தியது. ஜெர்மனியில் இதைக் கையாளவே 1948 நவம்பரில் மறுகட்டுமானக் கடன் நிறுவனம் என்று ஒரு வங்கியை அமைத்தார்கள். சுரங்கத்துக்கும் மின்நிலையத்துக்கும் வீடு கட்டவும் அங்கிருந்து கடன் போனது. கிழக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்த சுமார் 80 லட்சம் பேருக்கும் அந்த நாட்டில் கூரை வேண்டியிருந்தது. கொடுத்த கடன் வட்டியோடு திரும்பும், மறுபடி வெளியே போகும். கே.எஃப்.டபிள்யூ என்ற பெயரில் அந்த வங்கி இன்றும் இருக்கிறது.

அக்கம்பக்கத்து நாடுகள் செய்ததைப் பற்றி இன்னும் குறைவாகவே பேசப்படுகிறது. 1950-ல் கொரியப் போர் வெடித்ததும் கச்சாப் பொருள் விலை ஏறியது. ஜெர்மனி அளவுக்கு மீறி இறக்குமதி செய்து, அப்போதுதான் தொடங்கியிருந்த ஐரோப்பியக் கொடுக்கல் வாங்கல் கூட்டமைப்பில் தன் கடன் வரம்பைத் தீர்த்துவிட்டது. கூட்டமைப்பு இரண்டு நிபுணர்களை அனுப்பியது: ஸ்வீடனின் பெர் ஜேக்கப்சன், பிரிட்டனின் அலெக் கெய்ர்ன்கிராஸ். அவர்கள் பார்த்துவிட்டு, இது தாற்காலிகத் தட்டுப்பாடு, கைகொடுத்தால் மீண்டுவிடும் என்றார்கள். 12 கோடி டாலர் சிறப்புக் கடன் கிடைத்தது. சிக்கல் தீரவில்லை. 1951 பிப்ரவரியில் ஜெர்மனி இறக்குமதிக் கதவைச் சாத்தியபோது, தங்கள் சரக்கு தேங்கும் என்று தெரிந்தே மற்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். சில மாதங்களில் ஜெர்மனி அந்தக் கடனைக் கெடுவுக்கு முன்பே அடைத்தது. கடன் கொடுத்த கூட்டமைப்பில் நெதர்லாந்தும் நார்வேயும் பெல்ஜியமும் இருந்தன. தங்கள் தெருக்களில் ஜெர்மன் பூட்ஸ் சத்தம் ஓய்ந்து ஏறக்குறைய ஆறு வருடமே ஆன நாடுகள். இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஆனாலும் பழைய கடன் மலைபோல் நின்றது. டாவ்ஸ் கடன், யங் கடன், போருக்கு முன் ஜெர்மன் நகராட்சிகளும் கம்பெனிகளும் வாங்கியவை, போருக்குப் பின் வந்த உதவி எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 3,000 கோடி மார்க். அது பைசல் ஆகாமல் அந்த நாட்டுக்கு வெளியிலிருந்து யாரும் புதிதாகக் கடன் கொடுக்க மாட்டார்கள். 1951 மார்ச் 6-ம் தேதி பிரதமர் அடினோவர், பழைய ஜெர்மன் அரசின் வெளிநாட்டுக் கடனுக்குத் தன் அரசே பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தார். 1952 பிப்ரவரி இறுதியில் லண்டனில் மாநாடு கூடியது. ஜெர்மனி சார்பில் உட்கார்ந்தவர் ஹெர்மான் யோசெஃப் ஆப்ஸ். நாஜி ஆட்சியில் டாய்ச் வங்கியின் இயக்குநர் குழுவில் இருந்தவர். போருக்குப் பின் சில மாதம் பிரிட்டிஷ் காவலில் இருந்தவர். பிறகு மறுகட்டுமான வங்கியின் பொறுப்புக்கு வந்தவர். அந்த மேசையில் சுத்தமான கைகள் மட்டுமே இருக்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஓராண்டு பேசி, 1953 பிப்ரவரி 27-ம் தேதி கையெழுத்தானது. கடனில் ஏறக்குறைய பாதி போயிற்று. அமெரிக்கா தன் போருக்குப் பிந்தைய உதவிக்கான பாக்கியில் பாதிக்கு மேல் விட்டுக்கொடுத்தது. முதல் ஐந்தாண்டு பெரும்பாலும் வட்டி மட்டும், பிறகுதான் அசல். எல்லாவற்றையும்விடப் பெரிய சங்கதி, தவணையை ஜெர்மனியின் வியாபாரத்தோடு முடிச்சுப் போட்டது. வெளிநாட்டுக்கு விற்றுச் சம்பாதித்த உபரியிலிருந்துதான் கட்ட வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் அடிப்படை. அப்படியானால் கடன் கொடுத்தவர்கள் தங்கள் பணம் திரும்ப வேண்டுமென்றால் ஜெர்மன் சரக்கை வாங்கியாக வேண்டும். நடைமுறையில் ஆண்டுத் தவணை ஏற்றுமதி வருமானத்தில் 5 சதவீதத்தைத் தாண்டவே இல்லை. நம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு, உழவனின் கலப்பையையும் பிழைப்புக்கான மாட்டையும் கடனுக்கு ஜப்தி செய்யக் கூடாது என்கிறது. மாட்டை ஓட்டிப் போய்விட்டால் வயலும் தரிசு, கடனும் வராது. லண்டனில் கூடியவர்கள் ஒரு தேசத்துக்கு அந்த நியாயத்தைக் கொடுத்தார்கள். கையெழுத்திட்ட நாடுகளில் கிரேக்கம், யூகோஸ்லாவியா மட்டுமல்லாமல் பாகிஸ்தானும் இலங்கையும் உண்டு.

இதைப் பெருந்தன்மை என்று மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது. சோவியத் முகாமுக்கு எதிரே மேற்கு ஜெர்மனி பலமாக நிற்க வேண்டும் என்ற கணக்கு அமெரிக்காவுக்கு இருந்தது. அந்தக் கணக்கில் விட்டுப்போனவர்கள் யார் என்று பார்த்தால் மனம் கனக்கிறது. ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு, ஜெர்மனி ஆக்கிரமித்த நாடுகளின் போர் இழப்பீட்டுக் கோரிக்கைகளை இறுதித் தீர்வு வரும்வரை தள்ளிவைத்தது. பத்திரம் வைத்திருந்த நியூயார்க் முதலீட்டாளருக்குத் தவணை ஓடியது. 1944 ஜூன் 10-ம் தேதி ஒரே நாளில் 218 பேரைப் பறிகொடுத்த கிரேக்க கிராமம் டிஸ்டோமோ காத்திருந்தது. கிரேக்க மத்திய வங்கியிடமிருந்து ஆக்கிரமிப்புக் காலத்தில் கட்டாயமாக வாங்கிய கடனும் காத்திருந்தது. 1960-ல் நாஜிக் கொடுமைக்கு ஆளானவர்களுக்காக கிரேக்கத்துக்கு 11.5 கோடி மார்க் கொடுத்தார்கள். இஸ்ரேலுக்கு மட்டும் அடினோவர் 1952-லேயே தனி ஒப்பந்தத்தில் 300 கோடி மார்க் ஒப்புக்கொண்டிருந்தார். 1990-ல் ஜெர்மனி ஒன்றானபோது கையெழுத்தான உடன்படிக்கையில் இழப்பீடு பற்றி ஒரு சொல்லும் இல்லை. அத்தோடு பேச்சு முடிந்தது என்பது ஜெர்மனியின் நிலை. கிரேக்கம் அதை ஏற்கவில்லை.

ஆலைகளிலும் வயல்களிலும் அடிமை வேலை வாங்கப்பட்ட வெளிநாட்டவர் ஒரு கோடிக்கு மேல். அவர்களுக்கென்று ஜெர்மன் அரசும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து 1,000 கோடி மார்க்கில் ஓர் அறக்கட்டளை அமைத்தது 2000-ல்தான். 2007-ல் பட்டுவாடா முடிந்தபோது சுமார் 16 லட்சத்து 60 ஆயிரம் பேர் பணம் பெற்றிருந்தார்கள். இருபது வயதில் போலந்திலிருந்தோ உக்ரைனிலிருந்தோ பிடித்துக்கொண்டு போகப்பட்ட பெண் ஒருத்தி அப்போது எண்பது வயதைத் தாண்டியிருப்பாள். அவளோடு வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் ஒரு காசும் பார்க்காமல் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

லண்டன் ஒப்பந்தத்தின் கடைசித் தவணை 2010 அக்டோபர் 3-ம் தேதி கட்டப்பட்டது. நாடு ஒன்றாகும்வரை நிறுத்திவைத்திருந்த பழைய வட்டிக்கான பத்திரங்களுக்குக் கட்டிய பணம் அது. வெர்சாய் நஷ்ட ஈட்டுக்காக 1920-களில் தொடங்கிய கடனின் மிச்சம்.

இதே ஆண்டுகளில் ஆசியாவில் ஜப்பானை வைத்து இதே வழக்கு நடந்தது. 1951 செப்டம்பரில் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் இலங்கையின் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜெயவர்த்தனே எழுந்து, தன் நாடு ஜப்பானிடம் இழப்பீடு கேட்காது என்று அறிவித்தார். பிலிப்பைன்ஸும் பர்மாவும் விடாமல் கேட்டு வாங்கின. இரண்டு முடிவுகளும் என்ன விளைவித்தன என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)