எருசலேமின் ஓலை, கண்டியின் குருத்து

குருத்தோலை ஞாயிறுக்கு முதல் நாள், கண்டி நகரத்திலும் கட்டுகஸ்தோட்டை, பேராதனை, கம்பளைப் பக்கத்து ஆலயங்களிலும் தென்னங்குருத்து வந்து இறங்கும். இன்னும் விரியாத மட்டை. வெளிர்மஞ்சள் நிறத்தில் கீற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். பிள்ளைகள் ஒரு கீற்றைப் பிய்த்து, நடுவிலுள்ள ஈர்க்கை உருவி எறிந்து, மிச்சத்தை நாடாவாக்குவார்கள். நெடுக்கில் ஒரு மடிப்பு, குறுக்கில் ஒரு மடிப்பு, பின்னால் ஒரு சுற்றுச் சுற்றி முனையை உள்ளே செருகினால் சிலுவை ஆகிவிடும். பெரியவர்கள் முழு ஓலையாகவே பிடித்துக்கொண்டு பவனி போவார்கள்.

இயேசு கழுதைமேல் எருசலேமுக்குள் போன நாளை நினைத்துத்தான் இந்த ஓலையைப் பிடிக்கிறோம். ஆனால் அந்தத் தெருவுக்கு வருவதற்கு முன்பே இந்த ஓலைக்குப் பல நூற்றாண்டு வயது. அதன் பிறந்த வீடு இன்னொரு பண்டிகை. பாஸ்காவுக்கு ஆறு மாதம் தள்ளி, செப்டெம்பர் ஒக்டோபரில் யூதர்கள் கொண்டாடும் கூடாரப் பண்டிகை அது. இயேசுவை மேசியாவாக ஏற்றுக்கொண்டு, யூதப் பண்டிகைகளையும் கைவிடாமல் ஆசரிக்கும் மேசியானிய விசுவாசிகளுக்கு அந்தப் பண்டிகைதான் வேத நாட்காட்டியின் சிகரம். நம் கையில் இருக்கும் குருத்தின் கதையைத் தெரிந்துகொண்டால், அவர்கள் எதற்குக் காத்திருக்கிறார்கள் என்பதும் தெரியவரும்.

பிறப்பு லேவியராகமத்தின் 23ஆம் அதிகாரத்தில். யூதரின் திஷ்ரி மாதம் 15ஆம் நாள் தொடங்கி ஏழு நாள், எட்டாம் நாளில் விசேஷ சபைகூடுதல். முதல் நாளில் நான்கு பொருட்களைக் கையில் எடுத்து ஆண்டவர் முன்பாக மகிழவேண்டும் என்பது கட்டளை: அழகிய மரத்தின் கனி, பேரீச்ச ஓலை, தழைத்த மரக்கிளை, ஆற்றலரி. எகிப்தை விட்டு வந்த முன்னோர் வனாந்தரத்தில் கூடாரங்களில் தங்கியதை மறவாதிருக்க, அந்த ஏழு நாளும் குடிலில் குடியிருக்கவேண்டும். அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்திருக்கும் காலம் அது. கை நிறைந்த வேளையில் வீட்டை விட்டு வெளியே வந்து ஓலைக்கூரையின் கீழ் உட்காரச் சொல்கிறது வேதம். கூரை வேயவும் ஒழுங்கு உண்டு. வெட்டிய தழையால் மட்டுமே வேயவேண்டும். வெயிலைவிட நிழல் கூடுதலாக இருக்கவேண்டும். இரவில் இடுக்கு வழியே நட்சத்திரம் தெரிந்தால் இன்னும் நல்லது.

பேரீச்ச ஓலைக்கு யூதர் வைத்திருக்கும் பெயர் லூலாவ். அதுவும் விரியாத குருத்துத்தான். தழைத்த மரமாகக் கொள்ளும் மிர்ட்டிலின் மூன்று கிளையையும் இரண்டு ஆற்றலரிக் கிளையையும் அதனோடு சேர்த்து, ஓலை நாராலேயே கட்டி வலது கையில் பிடிப்பார்கள். இடது கையில் கடாரங்காய் இனத்தைச் சேர்ந்த எத்ரோக் என்ற மணமுள்ள கனி. இரண்டையும் சேர்த்துக் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு, மேல், கீழ் என்று ஆறு திசையிலும் அசைப்பார்கள். குருத்தை வாங்குமுன் அதன் நடுக்கீற்றின் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. நுனி பிளந்திருந்தால் அதை வைத்துவிட்டு வேறு தேடுவார்கள். இன்னும் விரியாமல், தனக்குள் ஒன்றாய் நிற்கும் ஓலையே ஆண்டவருக்கு முன் எடுத்துச் செல்லத் தக்கது.

பாபிலோனிலிருந்து திரும்பிய மக்கள் மலைக்குப் போய் ஒலிவம், மிர்ட்டில், பேரீச்சக் கிளைகளை வெட்டிவந்து, மொட்டைமாடிகளிலும் முற்றங்களிலும் குடில் போட்டதை நெகேமியா 8ஆம் அதிகாரம் சொல்கிறது. அப்போதே இந்த ஓலை நாடு திரும்பியவர்களின் ஓலை ஆகிவிட்டது. கிறிஸ்துவுக்கு முன் 164இல் மக்கபேயர் என்ற யூத வீரர்கள் எருசலேம் ஆலயத்தை மீட்டுச் சுத்திகரித்தபோது, பகைவருக்கு ஒளிந்து மலைக்குகைகளில் கழித்த கூடாரப் பண்டிகையை நினைத்து, எட்டு நாள் ஓலை பிடித்துப் பாடினார்கள். 141இல் அவர்களில் ஒருவரான சீமோன் எருசலேம் கோட்டையைப் பிடித்து உள்ளே போனதும் ஓலைகளோடுதான். அறுவடையின் நன்றியாக இருந்த ஓலை, விடுதலையின் கொடியும் ஆயிற்று.

ஆலயம் நின்ற காலத்தில் அந்தப் பண்டிகைக்கு இன்னொரு முகமும் இருந்தது. இஸ்ரயேலின் கோடை நீண்டது. மாதக்கணக்கில் சொட்டு மழை இராது. கூடாரப் பண்டிகை அந்த வறட்சியின் முடிவில் வரும். ஆசாரியர் சீலோவாம் குளத்தில் பொற்குடுவையால் நீர் மொண்டு வந்து பலிபீடத்தில் ஊற்றுவார்கள். மழைக்கான மன்றாட்டு அது. பெண்கள் முற்றத்தில் நான்கு பெரிய விளக்குத்தண்டுகள் இரவெல்லாம் எரியும். ஏழு நாளிலும் மொத்தம் எழுபது காளைகள் பலியிடப்படும்: முதல் நாள் பதின்மூன்று, பிறகு நாளுக்கு ஒன்று குறைந்து ஏழாம் நாள் ஏழு. அந்த எழுபதும் உலகத்தின் எழுபது ஜாதிகளுக்காக என்பது யூத ரபிமாரின் போதனை. தன் குடிலில் உட்கார்ந்துகொண்டு ஊர் உலகத்துக்கெல்லாம் மழை கேட்ட பண்டிகை இது.

யோவான் 7ஆம் அதிகாரத்தில் இயேசு இந்தப் பண்டிகைக்குத்தான் போயிருக்கிறார். பண்டிகையின் கடைசி நாளில் எழுந்து நின்று, தாகமாயிருப்பவர்களைத் தம்மிடம் வரச் சொல்லிச் சத்தமிட்டார். அடுத்த அதிகாரத்தில் தம்மை உலகத்தின் ஒளி என்றார். சீலோவாம் நீரையும் முற்றத்து விளக்குகளையும் அறிந்தவர்கள் காதில் அந்தச் சொற்கள் எப்படி விழுந்திருக்கும்! மேசியானிய விசுவாசிகள் இந்த இரண்டு அதிகாரங்களையும் குடிலுக்குள் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். வார்த்தையானவர் மாம்சமாகி நம் நடுவே தங்கினார் என்று யோவான் முதலதிகாரத்தில் எழுதியதை, கடவுளே மனித உடலாகிய கூடாரத்தில் குடியிருக்க வந்தார் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இதற்குப் பிறகுதான் குருத்தோலை ஞாயிறு. மத்தேயுவும் மாற்குவும் கிளை, தழை என்று மட்டும் சொல்கிறார்கள், லூக்கா கிளையைப் பற்றியே சொல்லவில்லை; பேரீச்சையைப் பெயர் சொல்லி எழுதியவர் யோவான் ஒருவரே. வந்தது பாஸ்கா காலம். மக்கள் கையில் பிடித்ததோ கூடாரப் பண்டிகையின் ஓலை. ஓசன்னா என்று அவர்கள் கூப்பிட்டது 118ஆம் சங்கீதத்தின் வேண்டுதல். கூடாரப் பண்டிகையில் அந்த இடத்தைப் பாடும்போதுதான் லூலாவை அசைப்பது வழக்கம். அரசர் வந்துவிட்டார், அறுவடைப் பண்டிகை தொடங்கிவிட்டது என்று அந்த மக்கள் நம்பினார்கள் என மேசியானிய விசுவாசிகள் வாசிக்கிறார்கள். அரசரை அவர்கள் சரியாகவே அடையாளம் கண்டார்கள், காலத்தில்தான் முந்திவிட்டார்கள். முதலில் பாஸ்கா ஆட்டுக்குட்டி. பிறகு பெந்தெகொஸ்தே நாளில் ஆவியின் வருகை. எக்காளப் பண்டிகை, பாவநிவாரண நாள், கூடாரப் பண்டிகை என்ற இலையுதிர்காலத்து மூன்றும் அவர் திரும்பி வரும்போது நிறைவேறும் என்பது அவர்கள் நம்பிக்கை. யூத சமூகம் இந்த வாசிப்பை ஏற்பதில்லை. பண்டிகை முதலில் அவர்களுடையது. அவர்கள் வீட்டு ஓலையைக் கையில் வாங்குகிறவர்கள் அந்த மரியாதையோடுதான் வாங்கவேண்டும்.

ஆலயம் கிபி 70இல் அழிந்தது. அதற்குச் சற்று முன், ரோமருக்கு எதிரான கிளர்ச்சியின் நான்காம் ஆண்டு வெண்கல நாணயங்களில் லூலாவும் எத்ரோகும் பொறிக்கப்பட்டன. 132 முதல் 135 வரை நடந்த இரண்டாம் கிளர்ச்சியின் தலைவன் பார் கோக்பாவின் கடிதம் ஒன்று, 1960களின் தொடக்கத்தில் யிகாயேல் யாதீன் நடத்திய ஆய்வில் யூதேயப் பாலைவனக் குகையில் கிடைத்தது. அதில் அவன் கேட்பது ஆயுதம் அல்ல. பேரீச்ச ஓலையும் எத்ரோகும் கொண்டுவர இரண்டு கழுதைகளை அனுப்புகிறான். மிர்ட்டிலையும் ஆற்றலரியையும் உன் பக்கத்தில் ஆள் அனுப்பித் தேடு என்றும் அதே கடிதத்தில் எழுதுகிறான். போர்முகாமில் அத்தனை பேருக்கும் பண்டிகைக்கு ஓலை வேண்டியிருந்தது.

இன்னொரு வழியில் ஓலை கிறிஸ்தவர்களோடு நடந்தது. நான்காம் நூற்றாண்டின் கடைசியில் எருசலேமுக்கு யாத்திரை போன எகேரியா என்ற பெண், குழந்தைகள் உட்பட எல்லோரும் ஓலையும் ஒலிவக் கிளையும் பிடித்து ஒலிவ மலையிலிருந்து இறங்கி வருவதை எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பவனி ஊர் ஊராகப் பரவியது. பேரீச்சை இல்லாத ஊரில் அந்த ஊர் மரத்தின் இலை கைக்கு வந்தது. தென்னாட்டிலும் இலங்கையிலும் தென்னை முன்வந்து நின்றது.

கண்டியில் இந்த நம்பிக்கை வேரூன்றிய கதையில் புனித யோசேப் வாஸ் முதலில் நிற்கிறார். கோவாவில் 1651இல் பிறந்தவர். கரையோரத்தில் ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில் 1687இல் யாழ்ப்பாணத்தில் இறங்கினார். தமிழும் சிங்களமும் கற்றார். 1692இல் கண்டிக்கு வந்ததும் போர்த்துக்கேய உளவாளி என்ற சந்தேகத்தில் சிறை. பின்னர் கடும் வறட்சி வந்தபோது அவர் பீடம் அமைத்து மன்றாட மழை பெய்தது என்றும், இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவருக்குச் சுதந்திரம் கொடுத்தான் என்றும் கத்தோலிக்க மரபு சொல்கிறது. சீலோவாம் நீரை ஊற்றி மழை கேட்ட பண்டிகையின் மன்றாட்டு, கண்டி மண்ணிலும் ஒருவர் வாயிலிருந்து எழுந்தது. பெரியம்மை பரவியபோது கைவிடப்பட்டவர்களுக்குக் குடில் போட்டுப் பணிவிடை செய்தவர் அவர். 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14இல் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

குருத்தோலை இந்த ஊருக்குப் புதியதல்ல. பௌத்தப் பிரித் ஓதும் மண்டபத்தைச் சிங்கள மக்கள் அதனால் அலங்கரிக்கிறார்கள். கோயில் வாசலிலும் கல்யாணப் பந்தலிலும் நம்மவர் அதைத் தோரணமாகக் கட்டுகிறார்கள். சாவு வீட்டிலும் அது உண்டு. ஆகவே எருசலேமின் ஓலை இங்கே அந்நியமாக நிற்கவில்லை. கண்டிக்கு மேலே, நுவரெலியாப் பக்கம் குளிரில் தென்னை வளராது. குருத்து கீழிருந்துதான் ஏறவேண்டும். எருசலேமும் மலைநகரம்தான், பேரீச்சை செழிப்பது கீழே எரிகோவில். அங்கும் இங்கும் மலைக்கு ஏறிப்போகிறது பண்டிகை ஓலை.

பவனி முடிந்ததும் ஓலை வீட்டுக்கு வரும். சிலுவைக்குப் பின்னாலோ நிலைக்கதவின் மேலோ ஓராண்டு காய்ந்து கிடக்கும். அடுத்த தவக்காலத்துக்கு முன் ஆலயத்துக்குத் திரும்பி எரிந்து, திருநீற்றுப் புதனன்று நெற்றிச் சாம்பலாகும். யூதர் சிலரும் லூலாவை எறிவதில்லை. உலரவிட்டு வைத்திருந்து, பாஸ்காவுக்கு முன் புளித்த மாவை எரிக்கும் நெருப்பில் இடுகிறார்கள். இரண்டு வீட்டு ஓலைக்கும் முடிவு ஒரே மாதிரிதான். மனிதன் தங்கும் இடம் நிரந்தரம் அல்ல என்று குடில் சொன்னதையே சாம்பலும் சொல்கிறது.

மலையகத் தமிழருக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை. மன்னாரிலிருந்து மாத்தளை வழியாகக் காட்டுக்குள் நடந்து கோப்பித் தோட்டத்துக்கு வந்த வம்சம் இது. ரோத்சைல்ட் குடும்பத்துக்கு உறவினரான யூதச் சகோதரர்கள், டி வேர்ம்ஸ் குடும்பத்தார், 1840களில் கண்டிக்குத் தெற்கே புசல்லாவையில் அப்படியொரு தோட்டம் நடத்தினார்கள். ரோத்சைல்ட் என்ற பெயர் இன்றும் அந்தத் தோட்டத்துக்கு உண்டு. தோட்டத் தமிழருக்கு அவர்கள் மொழியிலேயே சுவிசேஷம் சொல்ல 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. வேதம் கைக்கு வந்தது, வீடு வரவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில் தலைமுறைகள் கடந்தன. 1948இல் குடியுரிமையும் பறிபோனது; பலருக்கு அது முழுதாகத் திரும்ப 2003 வரை ஆனது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. வனாந்தரத்துக் கூடாரம் நம்மவருக்குப் பழங்கதை அல்ல.

அதனால்தான் மேசியானிய விசுவாசிகள் கூடாரப் பண்டிகையில் காணும் எதிர்கால நம்பிக்கை நமக்கு வெகு அருகில் வருகிறது. சகல ஜாதிகளும் வருஷாவருஷம் எருசலேமுக்கு ஏறிவந்து இந்தப் பண்டிகையை ஆசரிக்கும் நாளைச் சகரியாவின் கடைசி அதிகாரம் காண்கிறது. எருசலேமில் 1980இல் தொடங்கிய சர்வதேசக் கிறிஸ்தவத் தூதரகம் என்ற அமைப்பு, அதை மனதில் கொண்டு ஆண்டுதோறும் பல நாட்டு விசுவாசிகளை இந்தப் பண்டிகைக்குக் கூட்டுகிறது. வெளிப்படுத்தலின் 7ஆம் அதிகாரத்தில் எண்ணமுடியாத திரள், எல்லா மொழிக்காரரும், சிங்காசனத்துக்கு முன் நிற்கிறார்கள். கையில் குருத்தோலை. மிகுந்த உபத்திரவத்திலிருந்து வந்தவர்கள் அவர்கள். கடவுள் தம் கூடாரத்தை அவர்கள்மேல் விரிக்கிறார்; அவர்களுக்கு இனித் தாகம் இல்லை. குடில், நீர், ஓலை என்று பண்டிகையின் மூன்றும் அங்கே சேர்ந்து நிற்கின்றன. 2019 ஏப்ரல் 14இல், புத்தாண்டும் குருத்தோலை ஞாயிறும் ஒன்றாய் வந்த நாளில், இந்தத் தீவில் ஓலை பிடித்துப் போனவர்களில் பலர் அடுத்த ஞாயிறு உயிர்த்த திருநாள் வழிபாட்டிலேயே குண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டார்கள். அந்த அதிகாரத்தை நம்மால் இனி வேறெவருடைய கதையாகவும் வாசிக்க முடியாது.

ஒக்டோபரில் கண்டியில் பின்னேர இடிமழை தொடங்கும். அந்த மாதத்தில் ஆலய முற்றத்தில் ஒரு மாலையாவது ஓலைப் பந்தல் போட்டு, அதன் கீழ் இருந்து சாப்பிட்டு, யோவானின் அந்த இரண்டு அதிகாரங்களையும் வாசிக்கலாம். ஆனால் தனியாக அல்ல. இந்தப் பண்டிகையின் மகிழ்ச்சியில் வேலைக்காரரும் அந்நியரும் திக்கற்றவரும் விதவையும் பங்குபெறவேண்டும் என்று உபாகமம் கட்டளையிடுகிறது. அவர்களை வெளியே நிறுத்திவிட்டு ஆடும் ஓலை வெறும் ஓலை. கூடாரத்தில் நம்மோடு தங்கியவரைத் தொழுகிறவர்கள், இன்னும் லயத்துக் காம்பராவில் இருக்கும் தம் சனத்துக்குச் சொந்தக் காணியும் சொந்த வீடும் கிடைக்கும்வரை கேட்பதை நிறுத்தக்கூடாது.