யூபா ஆற்றின் பெயரைத் தாங்கிய குழந்தை

ஒரு குடும்பத்தின் வேர்களைத் தேடப் புறப்படும் நாம், முதலில் தந்தையரின் பெயர்களையே நாடுகிறோம். ஆனால் தலைமுறைகளைப் பிணைக்கும் கண்ணிகள் பலவேளைகளில் தாய்மாரின் பெயர்களிலேயே அடங்கியுள்ளன. அமெரிக்க முன்னோடிக் குடியேறிகளான மர்ஃபி குடும்பத்தின் வரலாறு இதனை நமக்கு உணர்த்துகிறது.

அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டில் பிறந்த மார்ட்டின் மர்ஃபி, 1820இல் கனடாவின் கியூபெக் பகுதியில் குடியேறினார். இருபது ஆண்டுகளுக்குப்பின் குடும்பம் மிசௌரிக்குப் பெயர்ந்தது. அங்கே நச்சுக் காய்ச்சல் அவருடைய மனைவி மேரி ஃபோலியைப் பலிகொண்டது. 1844ஆம் ஆண்டு மே மாதம், தாயை அடக்கம் செய்த மண்ணை விட்டு, மக்களோடும் பேரக் குழந்தைகளோடும் அவர் கலிபோர்னியா நோக்கிப் புறப்பட்டார். அப்பகுதி அன்று மெக்சிக்கோவுக்கு உரியது. ஏறத்தாழ ஐம்பது பேர் கொண்ட அந்தக் குழுவே சியெரா நெவாடா மலையை வண்டிகளுடன் முதன்முதல் கடந்தது. வழியில் எவரும் இறக்கவில்லை. மாறாக, இரு குழந்தைகள் பிறந்தன. அவற்றுள் ஒன்று, பனி சூழ்ந்த யூபா ஆற்றங்கரையில் பிறந்த மர்ஃபியின் பேத்தி, எலிசபெத் யூபா.

இத்தகைய குடும்பத்தை ஏடுகளில் தேடுவது எளிதன்று. 1840 வரை அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே உண்டு. மனைவியும் மக்களும் வெறும் எண்ணிக்கை. 1850இல்தான் அடிமையல்லாதோர் அனைவரும் பெயர் பெற்றனர். அடிமைகளோ அப்போதும் வயதாகவும் பாலாகவும் நிறமாகவுமே நின்றனர். அயர்லாந்திலும் 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது, பழைய கணக்கேடுகள் பெரும்பாலும் சாம்பலாயின. ஆனால் பங்குகளிலேயே பேணப்பட்ட கத்தோலிக்கத் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் தப்பின. கியூபெக்கின் பங்கு ஏடுகளோ, மணமான பெண்ணையும் அவள் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயராலேயே குறித்தன. அரசின் ஏட்டில் ஒரு கோடாக நின்ற தாய், ஆலய ஏட்டில் பெயரோடு வாழ்கிறாள்.

எனினும், நமது தேடல் நம்மவரின் பெயரோடு நின்றுவிடலாகாது. அக்குழுவினருக்கு ஆற்றுவழியைக் காட்டியவர் பையூட் இனத் தலைவர் ஒருவர். அவரை அவர்கள் அழைத்த ட்ரக்கி என்னும் பெயர் அந்த ஆற்றுக்கு நிலைத்தது. அவருடைய மக்களோ தங்கள் நிலத்தில் பெரும்பகுதியைப் பிற்காலத்தில் இழந்தனர். குலவரலாறு எழுதுவோர் தம் முன்னோருக்கு வழிகாட்டியவர்களையும் நினைவில் கொள்வாராக! அதுவே நன்றியுள்ள வரலாறு.