சிவிங்கிக்கு இரண்டு பக்கங்கள்

ஒரு விலங்கைப் பற்றி மலரில் எதிரெதிரான இரண்டு பக்கங்களை அமைப்பது எளிய பணி என்றே பலரும் எண்ணுவர். கண்கவர் படம் ஒன்று, தடித்த எழுத்தில் ஒரு தலைப்பு, எஞ்சிய இடத்தில் சில செய்திகள், பக்கங்கள் நிறைந்துவிடும். ஆனால் அவ்விலங்கு அழிவின் விளிம்பில் நிற்பதாயின் அமைப்பவரின் பொறுப்பு பெரிதாகிறது. எதைக் காட்டுவது, எதை மறையாதிருப்பது என்னும் வினாக்கள் எழுகின்றன. மலரின் இளையோர் பகுதிக்குச் சிவிங்கியைத் தேர்ந்த நாம், இவ்வினாக்களுக்கு வரலாற்றிலேயே விடை தேட முற்பட்டோம்.

முதற்சிக்கல் பெயரில் தோன்றியது. நம் இல்லங்களில் பெரியோர் இதனைச் 'சிறுத்தை' என்கின்றனர். பிள்ளைகளோ பள்ளியில் கற்ற இந்தியைக் கொண்டு 'சீத்தா' என்கின்றனர். சிறுத்தை வேறு, சிவிங்கி வேறு. சிறுத்தையின் உடலில் மலரிதழ்கள் வட்டமிட்டாற்போன்ற புள்ளிக்கூட்டங்கள் உண்டு. சிவிங்கிக்குத் தனித்தனியான கரும்புள்ளிகளே உள்ளன. கண்ணிலிருந்து வாய்வரை கண்ணீர்த் தடம்போல் இறங்கும் கருங்கோடு அதன் தனி அடையாளம். ஆகவே பாய்ந்தோடும் படத்தினும் முகம் தெளிவாகத் தெரியும் படமே நமக்கு ஏற்றது. 'சீத்தா' என்பது புள்ளிகளையுடையது எனப் பொருள்படும் வடசொல்லின் வழிவந்தது. ஆங்கிலத்தார் வழங்கும் பெயரும் அதிலிருந்தே பிறந்தது. பெயரை உலகுக்கு ஈந்த மண்ணிலேயே அவ்விலங்கு அற்றுப்போனது வரலாற்றின் துயரம்.

முகலாயர் காலத்தில் சிவிங்கியை ஏட்டில் ஏற்றியோர் நம்மினும் தேர்ந்தவர்கள். அக்பர்நாமா ஓவியங்களில் சிவிங்கி வேட்டைக் காட்சிகள் உள்ளன. அவ்வேட்டின் பல ஓவியங்களில் காட்சியமைப்பை ஒருவர் வகுத்தார். வண்ணத்தை மற்றொருவர் தீட்டினார். அந்த அழகிய ஏடுகள் காட்டாத செய்தி ஒன்றுண்டு. அக்பர் ஆயிரம் சிவிங்கிகளைத் திரட்டியதாக அவர் மைந்தர் ஜஹாங்கீர் எழுதுகிறார். அவை காட்டில் பிடிக்கப்பட்டவை. அடைபட்ட சிவிங்கி பெரும்பாலும் ஈனுவதில்லை. அரண்மனையில் ஒருமுறை குட்டிகள் பிறந்ததை ஜஹாங்கீர் ஓர் அரிய நிகழ்ச்சியாகவே குறித்துவைத்தார். ஆகவே பிடிபட்ட ஒவ்வொன்றும் காட்டுக்கு இழப்பே. பின்னர்ப் புல்வெளிகள் விளைநிலங்களாயின. இரையாகும் மான்கள் குறைந்தன. ஆங்கிலேயர் ஆட்சியில் சிவிங்கியைக் கொன்றோர்க்குப் பரிசுப் பணமும் வழங்கப்பட்டது.

1947-ஆம் ஆண்டு, இன்றைய சத்தீஸ்கர் மாநிலத்தில் அடங்கிய கோரியா சமஸ்தானத்தின் அரசர் ராமானுஜ் பிரதாப் சிங் தேவ், ஓரிரவில் மூன்று ஆண் சிவிங்கிகளைச் சுட்டு வீழ்த்தினார். அச்செய்தி பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழுக்கு வந்தது. அதனைக் குப்பைக் கூடையில் எறிந்துவிடவே அதன் ஆசிரியர்கள் முதலில் எண்ணினர். பின்னர், புகழ்வதற்காக அன்று, குற்றஞ்சாட்டுவதற்காகவே வெளியிடுகிறோம் என்னும் கருத்துப்படக் குறிப்பெழுதி 1948-இல் அச்சிட்டனர். 1952-இல் இந்தியாவில் சிவிங்கி அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. அவ்வாசிரியர்கள் அன்று வெறுப்பால் வாளாவிருந்திருப்பின், இறுதியாக நிகழ்ந்தவற்றுள் ஒன்றுக்குரிய சான்றை நாம் இழந்திருப்போம்.

வீழ்ந்துகிடக்கும் விலங்கின் படம் விழா மலருக்கு ஆகுமா என்று நம் குழுவிலேயே ஓர் அன்பர் கேட்டார். நியாயமான கேள்விதான், மங்கலமான ஏட்டில் மரணக் காட்சி எதற்கு? ஆயினும், அழகை மட்டும் காட்டும் பக்கம் இவ்விலங்கு இன்றும் நம் காடுகளில் என்றும்போல் உலவுகிறது என்னும் மயக்கத்தையே வளர்க்கும். எனவே இடப்பக்கத்தில் 1947-ஆம் ஆண்டின் படத்தைச் சிறிய அளவில், ஆண்டும் இடமும் மட்டும் குறித்து வைப்பதென முடிவு செய்தோம். வலப்பக்கம் முழுவதும் உயிருள்ள சிவிங்கியின் முகம்.

அம்முகத்தின்கீழ் எழுதும் செய்தியிலும் நேர்மை வேண்டும். ஆசியச் சிவிங்கி இன்று ஈரான் நாட்டில் மட்டும், மிகச் சிலவாக எஞ்சியுள்ளது. 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து எட்டும், 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டும் மத்தியப் பிரதேசத்துக் குனோ தேசியப் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டன. இவை ஆப்பிரிக்க வகையைச் சேர்ந்தவை. முன்னர் இங்கு வாழ்ந்தவற்றின் நேர் வழித்தோன்றல்கள் அல்ல. அவற்றுள் சில மாண்டன. குனோவில் குட்டிகளும் பிறந்தன. இழப்பும் வரவும் ஆகிய இரண்டையும் சேர்த்தே எழுதுகிறோம்.

மலரைப் புரட்டும் பெற்றோர் இப்பக்கங்களைப் பிள்ளைகளுடன் அமர்ந்து பார்க்க வேண்டுகிறோம். அவர்கள் 'சீத்தா' என்றால் மறுக்க வேண்டா. சிவிங்கி என்னும் தமிழ்ப் பெயரையும் உடன் சொல்லிக்கொடுங்கள். இடப்பக்கத்துச் சிறிய படம் யாது என்று அவர்கள் வினவினால், பக்கத்தைத் திருப்பிவிடாமல் விடையிறுங்கள்.