பால் அல்ல, இரை

விராலிமலையில் ஆறுமுகனுக்குச் சுருட்டு படைப்பது மரபு. அம்மலையின் மயில்களுக்குப் படைப்பார் வேண்டியதில்லை. பாம்புக்குட்டி அகப்பட்டால் தாமே கொத்தி விழுங்கும். அந்தப் பாம்புக்குத்தான் தலைமுறைகளாக நாம் பால் வார்த்து வந்தோம். பாலைச் செரிக்கும் உடல் அதற்கில்லை. பிடாரனின் கூடை நாகம் பாலில் வாய் வைத்தது, நாட்கணக்கில் நீர் காட்டாத தாகத்தால். பல் பிடுங்கப்பட்ட வாயோடு இரையெடுக்காமல் அது மெலிந்து செத்தது. பக்தி அதை அறியவில்லை.

1972-இல் சென்னை கிண்டியில் ரோமுலஸ் விட்டேக்கரின் பாம்புப் பண்ணை அமைந்தபின், பாம்பு எதைத் தின்னும் என்ற கேள்வி பொதுமக்கள் காதுக்கும் எட்டியது. ராஜநாகத்தையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் பிற பாம்புகளே அதன் உணவு. அடைப்பில் எலியை ஏறெடுத்தும் பாராது. பராமரிப்போர் கையாளும் உபாயம் எளியது: செத்த எலிமீது பாம்பின் வாசனையைத் தேய்ப்பார்கள். நாக்கு பொறுக்கிவரும் மணத்தை அண்ணத்திலுள்ள உறுப்பு சோதிக்கும், ஒத்துவந்தால் விழுங்கும். தேய்ப்பதை மெல்ல மெல்லக் குறைத்தால் வெறும் எலியையும் தானே எடுக்கப் பழகும். சட்டை உரிக்கும் நாட்களில் மட்டும் வற்புறுத்தலாகாது. வாயைத் திறந்து திணிப்பது கடைசி வழி. மிரண்ட பாம்பு திணித்ததைக் கக்கிவிடுவதுமுண்டு.