இருக்கை கிடைக்காத இலக்கியம்

ஆங்கில இலக்கியத்தைப் பல்கலைக்கழகப் பாடமாக முதலில் வளர்த்தெடுத்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள் அல்லர், ஸ்காட்லாந்துக்காரர்கள். பின்னாளில் பொருளியலின் தந்தை என்று பெயர்பெற்ற ஆடம் ஸ்மித், 1748 முதல் 1751 வரை எடின்பரோவில் சொற்கலை பற்றியும் இலக்கியம் பற்றியும் தொடர்ந்து சொற்பொழிவாற்றினார். அந்த வழியில் வந்த ஹ்யூ பிளேருக்கு 1762-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அரசர் பெயரால் ஓர் இருக்கை கிடைத்தது. ஆனால் ஸ்காட்லாந்தின் சொந்த இலக்கியத்தைப் பெயரில் தாங்கிய இருக்கை கிளாஸ்கோவில் அமைய 1913 வரை ஆயிற்று. 1911-இல் அங்கு நடந்த பெரிய கண்காட்சியின் வருவாய்தான் அதற்கு உதவியது. அதுவும் வரலாற்றோடு சேர்த்துக் கட்டிய இருக்கை. முதலில் அமர்ந்த ராபர்ட் ரெய்ட் ஒரு வரலாற்றாசிரியர். இலக்கியத்துக்கென்று தனித்துறை வந்தது 1971-இல். இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட இந்தத் தாமதத்தை வெறும் கவனக்குறைவு என்று சொல்லிக் கடந்துபோக முடியாது. அந்தப் பாடம் எந்த நோக்கத்துக்காக உருவானதோ, அந்த நோக்கமே சொந்த இலக்கியத்தை வெளியே நிறுத்தியது.

1707-இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒன்றிணைந்து, எடின்பரோவின் நாடாளுமன்றம் கலைந்தது. பதவியும் வழக்கும் வணிகமும் லண்டனை நோக்கித் திரும்பின. லண்டனில் வாய் திறந்தால் ஊர் தெரிந்துவிடும் என்ற கூச்சம் படித்தவர்களைப் பிடித்துக்கொண்டது. தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம், ஸ்காட்லாந்தின் தாழ்நிலப் பேச்சுமொழியான ஸ்காட்ஸிலிருந்து வந்த, எழுத்தில் தவிர்க்கவேண்டிய வழக்குகளைப் பட்டியலிட்டு 1752-இல் தம் நூலோடு சேர்த்து வெளியிட்டார். அபர்டீனில் ஜேம்ஸ் பீட்டியும் அப்படியொரு பட்டியல் தயாரித்தார். 1761-இல் தாமஸ் ஷெரிடன் என்ற அயர்லாந்து நடிகர் எடின்பரோவுக்கு வந்து ஆங்கில உச்சரிப்பைப் பற்றிப் பேச, நகரத்துப் பெரியமனிதர்கள் திரண்டுபோய்க் கேட்டார்கள். அடுத்த ஆண்டு அமைந்ததுதான் பிளேரின் இருக்கை. ஆங்கில உரைநடைக்குப் பெயர்பெற்ற அடிசனையும் ஸ்விஃப்டையும் அந்த வகுப்பறையில் படித்தது, அவர்களைப் போல எழுதப் பழகுவதற்காகவே. அங்கே மாணவனின் வீட்டுமொழி திருத்தவேண்டிய பிழை. பிழையை யாரும் பாடமாக வைப்பதில்லை.

கவிஞர் ராபர்ட் பர்ன்ஸுக்கு நேர்ந்ததில் இது தெளிவாகத் தெரிகிறது. 1786-இல் கில்மார்னக் என்ற சிற்றூரில் அச்சான அவருடைய முதல் தொகுப்பின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினால் அருஞ்சொற்பொருள் இருக்கிறது. சொந்த நாட்டில், சொந்தப் பேச்சில் எழுதிய கவிஞர் தம் சொற்களுக்குத் தாமே பொருள் கொடுக்கவேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு எடின்பரோ பதிப்பு தயாரானபோது கைப்பிரதியைப் பார்த்து ஆலோசனை சொன்னவர்களில் பிளேரும் ஒருவர். நாடோடிகளும் பிச்சைக்காரர்களும் ஒரு சாராயக் கடையில் பாடிக் கூத்தடிக்கும் நீண்ட இசைப்பாட்டு ஒன்றை அவர் சேர்க்கவேண்டாம் என்றார். பர்ன்ஸின் துணிச்சல் முழுதாக வெளிப்படும் படைப்பு அது. கவிஞர் இறந்து மூன்றாண்டு கழித்து, 1799-இல்தான் அச்சேறியது. இலக்கியப் பேராசிரியரின் முதன்மையான கடமை நல்ல கவிதையை அடையாளம் காண்பது என்றால், அந்தக் கடமையில் பிளேர் தவறினார்.

ஸ்காட்லாந்து மேட்டுநிலத்தின் கேலிக் மொழியின் நிலை இன்னும் மோசம். ஸ்டூவர்ட் அரச குலத்தை மீண்டும் அரியணையேற்ற நடந்த 1745 கிளர்ச்சியில் வாளேந்திய அலஸ்டெர் மாக் வாய்ஸ்டிர் அலஸ்டெர் தம் கவிதைத் தொகுப்பை 1751-இல் எடின்பரோவில் அச்சிட்டார். சமயம் சாராத கேலிக் கவிதைக்கு அதுதான் முதல் அச்சு நூல். ஸ்மித் சொற்பொழிவாற்றிய அதே நகரம், அதே ஆண்டு. பிளேர் கொண்டாடியதோ, பழைய கேலிக் காவியம் என்று சொல்லி ஜேம்ஸ் மாக்பெர்சன் ஆங்கிலத்தில் தந்த, ஓசியன் என்ற பழங்கவிஞரின் பாடல்களை. உயிரோடிருந்த கேலிக் கவிஞரைவிட, ஆங்கில உடையில் வந்த பழங்காலக் கவிஞர் வகுப்பறைக்குச் சங்கடம் தராதவராக இருந்தார்.

இந்தப் பாடமுறை கடல் கடந்தும் போனது. 1837-இல் ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் சென்னையில் தொடங்கிய பள்ளியே சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. அதை ஆளாக்கிய வில்லியம் மில்லரும் ஸ்காட்லாந்துக்காரரே. அவர் நூல்கள் எழுதி விளக்கியது ஷேக்ஸ்பியரின் நாடகங்களை.

ஹியூமும் ஸ்மித்தும் ஆங்கிலத்தைத் தேர்ந்ததால்தானே ஐரோப்பா முழுதும் அவர்களைப் படித்தது என்று கேட்கலாம். உண்மைதான், அதைத் துரோகம் என்பது அநியாயம். ஆனால் ஒரு மொழியைக் கற்பதற்கு இன்னொன்றை வெட்கத்துக்குரியதாக ஆக்கவேண்டிய அவசியமில்லை. வால்டர் ஸ்காட் 1814 முதல் எழுதிய நாவல்களில் கதைசொல்லி ஆங்கிலம் பேச, பாத்திரங்கள் பலர் ஸ்காட்ஸ் பேசுகிறார்கள். அவற்றையும் ஐரோப்பா விரும்பிப் படித்தது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் கவிஞர் டி. எஸ். எலியட்டுடையது. ஸ்காட்டிஷ் இலக்கியம் என்று ஒன்று இருந்ததா என்றே அவர் 1919-இல் ஒரு மதிப்புரையில் கேட்டார். ஒரே மொழி, அறுபடாத மரபு இரண்டும் இல்லாதது தனி இலக்கியம் ஆகுமா என்பது அதன் சாரம். 1936-இல் கவிஞர் எட்வின் மியூர் ஒரு படி மேலே போய், ஸ்காட்லாந்து எழுத்தாளருக்கு ஆங்கிலமே வழி என்றார். ஆனால் அதற்குப் பத்தாண்டு முன்பே, 1926-இல், ஹ்யூ மாக்டயர்மிட் ஸ்காட்ஸ் மொழியில் ஒரு நெடுங்கவிதையை எழுதி வெளியிட்டிருந்தார். 1943-இல் சோர்லி மக்லீனின் கேலிக் காதல் கவிதைகள் வந்தன. 1994-இல் ஜேம்ஸ் கெல்மன் கிளாஸ்கோ உழைப்பாளிகளின் பேச்சில் எழுதிய நாவலுக்குப் புக்கர் பரிசு கிடைத்தபோது நடுவர்களில் ஒருவரே வெளிப்படையாக எதிர்த்தார். எந்த மொழியில் எழுதுவது என்ற இந்தச் சண்டை இடைவிடாமல் தொடர்ந்திருக்கிறது. எலியட் கேட்ட தொடர்ச்சி அதில்தான் இருக்கிறது.

ஆகவே பதினெட்டாம் நூற்றாண்டின் அறிவொளிக் காலத்திலிருந்து ஸ்காட்டிஷ் இலக்கியத்தைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் ஸ்மித்தோடும் ஹியூமோடும் மட்டும் தொடங்கவேண்டாம். அலஸ்டெரின் 1751 தொகுப்பையும் ஹியூமின் 1752 பட்டியலையும் அருகருகே வைத்துத் தொடங்குங்கள்.