நலத்திட்டமா, எல்லைக் காவலா?

1953 கோடையில், கனடாவின் வட கியூபெக்கில் உள்ள இனுக்ஜுவாக்கிலிருந்து ஏழு இனுயிட் குடும்பங்களை ‘சி.டி. ஹவ்’ என்ற அரசுக் கப்பல் ஏற்றிச் சென்றது. சுமார் 2,000 கிலோமீட்டர் வடக்கே, எல்ஸ்மியர் தீவிலும் ரெசலூட்டிலும் இறக்கிவிட்டார்கள். நரித்தோல் விலை சரிந்துவிட்டது, மக்கள் உதவித்தொகையை நம்பி வாழ்கிறார்கள், வடக்கே வேட்டைக்குக் குறைவில்லை என்று அரசு காரணம் சொன்னது. இந்தக் காரணம் நிற்குமா என்று பார்க்கத்தான் பழைய ஆவணங்களைத் தேடத் தொடங்கினேன்.

முதல் தடயம் வரைபடத்தில் கிடைத்தது. எல்ஸ்மியரில் இறக்கிய கிரெய்க் ஹார்பரில் காவல் நிலையம் இருந்தது. கிரீன்லாந்து வேட்டைக்காரர்கள் வந்துபோன அந்தத் தீவில் கனடாவின் உரிமையைக் காட்ட 1922இல் அமைத்த நிலையம் அது. 1951இல் மறுபடி திறந்திருந்தார்கள். ரெசலூட்டிலோ அமெரிக்காவுடன் சேர்ந்து நடத்திய வானிலை நிலையம். 1953 ஜனவரியில் கனடிய அமைச்சரவையே வடதுருவப் பகுதியில் அமெரிக்கர்களின் கை ஓங்குவதைப் பற்றிக் கவலையோடு பேசியிருக்கிறது.

இரண்டாவது தடயம் பயணிகளைப் பற்றியது. வழியில் பாண்ட் இன்லெட்டிலிருந்தும் சில குடும்பங்களை ஏற்றினார்கள். எதற்கு? மூன்று மாதத்துக்கு மேல் சூரியனே எழாத இடத்தில் வேட்டையாடத் தெற்கத்தியருக்குக் கற்றுத்தர. அப்படியானால், அங்கே போய் எப்படிப் பிழைப்பார்கள் என்ற கேள்வி அதிகாரிகளுக்கு முன்பே இருந்திருக்கிறது! முதல் குளிர்காலத்தைக் கூடாரத்தில்தான் கழித்தார்கள்.

மூன்றாவது தடயத்தை மக்களின் வாய்மொழியில்தான் தேட வேண்டியிருந்தது. “பிடிக்காவிட்டால் இரண்டு ஆண்டில் திரும்பலாம்” என்ற வாக்குறுதியை நம்பிப் போனோம் என்றார்கள் அவர்கள். உறவுகளைப் பிரித்து வெவ்வேறு ஊர்களில் விடப்போகிறார்கள் என்பதே கப்பலில்தான் தெரிந்ததாம். சிறுவனாகச் சென்ற ஜான் அமகோவாலிக் பின்னாளில் இதற்காகப் பல்லாண்டு போராடினார். இனுக்ஜுவாக் பகுதியில் ‘நானூக் ஆஃப் தி நார்த்’ படமெடுத்த ராபர்ட் ஃப்ளஹெர்ட்டியின் மகன் ஜோசஃபியும் 1955இல் கொண்டுபோகப்பட்டார்.

1990இல் அரசுத் துறை எழுதி வாங்கிய அறிக்கை அரசின்மேல் தவறில்லை என்றது. பழங்குடியினருக்கான அரச ஆணையம் 1993இல் அந்த மக்களையே அழைத்துக் கேட்டது, கோப்புகளையும் புரட்டியது. இறையாண்மையும் இந்த இடப்பெயர்வுக்கு ஒரு காரணம் என்று 1994இல் சொன்னது.

2010 ஆகஸ்ட் 18 அன்று அரசு மன்னிப்புக் கேட்டது. உயர் ஆர்க்டிக்கில் கனடாவின் இருப்பை வலுப்படுத்தியதற்காக அந்தக் குடும்பங்களை அந்த உரையிலேயே பாராட்டியது. நலத்திட்டத்தால் உதவி பெற்றவர்களுக்கு யாரும் இப்படி நன்றி சொல்வதில்லை. என் கணிப்பில், எல்லையைக் காக்கத்தான் அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டார்கள்.