ஆற்றில் இறங்கிய அமைச்சர்

அரசியலில் இருந்து சுற்றுச்சூழல் பக்கம் வந்தவர்னு சொன்னா, பலருக்கும் அல் கோர்தான் ஞாபகம் வருவார். எனக்கு அவரைவிட முக்கியமாப் படுறவர் இன்னொரு அமெரிக்கர், ஸ்டூவர்ட் யூடால். ஏன்னா இவர் மல்லுக்கட்டினது பெரும்பாலும் தன்னோட பழைய ஃபைல்களோட.

1920-ல் அரிசோனாவில் பிறந்தவர். வறண்ட பூமி. அங்கே ஓட்டு வேணும்னா தண்ணி கொண்டு வரணும். அதனால நாடாளுமன்ற உறுப்பினரா இருந்தப்போ, கிளென் கேன்யன் அணைக்கு ஆதரவா நின்றார். 1961-ல் கென்னடி அவரை உள்துறை அமைச்சர் ஆக்கினார். நம்ம ஊர் உள்துறை மாதிரி போலீஸ் கிடையாது. அங்கே அது அரசு நிலம், தேசியப் பூங்கா, அணை, பூர்வகுடி மக்கள் விவகாரம் எல்லாம் பார்க்கிற துறை. 8 வருஷம் அந்த நாற்காலியில் இருந்தார். 1964-ல் வனப்பகுதிப் பாதுகாப்புச் சட்டம், 1966-ல் அழியும் உயிரினங்களுக்கான முதல் சட்டம், 4 புது தேசியப் பூங்காக்கள். பட்டியல் பெரிசு.

ஆனா அதே மனுஷன்தான் கிராண்ட் கேன்யனில் 2 அணை கட்டவும் திட்டம் போட்டார். சியரா கிளப் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து எதிர்த்தது. மக்கள் கடிதமா எழுதிக் குவிச்சாங்க. 1967 தொடக்கத்தில் அரசு பின்வாங்கியது. அது அரசியல் கணக்கு. அதே வருஷம் யூடால் குடும்பத்தோட ரப்பர் படகில் அந்த ஆற்றில் இறங்கினார். நேர்ல பார்க்காமலே முடிவு எடுத்துட்டோம்னு பிறகு வெளிப்படையாவே ஒப்புக்கொண்டார்.

இங்கேயே முடிச்சா நல்ல கதை. ஆனா அணை இல்லைன்னா, தண்ணியை ஃபீனிக்ஸ் வரைக்கும் பம்ப் பண்ண கரன்ட் எங்கே இருந்து வரும்? பேஜ் நகரத்துக்குப் பக்கத்தில், நவஹோ மக்களோட நிலத்தில் நிலக்கரி மின்நிலையம் வந்தது. 2019 வரை புகை கக்கியது. பள்ளத்தாக்கு பிழைச்சது, விலையைக் கொடுத்தது வேற யாரோ.

அந்த நவஹோ நிலத்தில் இன்னொரு கணக்கும் பாக்கி இருந்தது. அணுகுண்டுக்காக 1940-களில் இருந்தே அங்கே யுரேனியம் தோண்டினாங்க. காற்றோட்டமே இல்லாத சுரங்கங்கள். 1950-ல் இருந்து அரசு மருத்துவர்கள் தொழிலாளர்களைப் பரிசோதிச்சுக்கிட்டே இருந்தாங்க. ஆனா ஆபத்தைப் பத்தி அவங்ககிட்ட வாயே திறக்கலை. நுரையீரல் புற்றுநோய் ஒவ்வொருத்தராக் கொண்டுபோச்சு. யூடால் அமைச்சரா இருந்த அந்த 8 வருஷமும் இது நடந்தது. பூர்வகுடி விவகாரம் அவர் துறையிலதான் இருந்தது.

பதவி போய் 10 வருஷம் கழிச்சு, அந்தச் சுரங்கத் தொழிலாளர்களுக்கும் அவங்க விதவைகளுக்கும் வக்கீலா, தான் இருந்த அரசு மேலேயே வழக்குப் போட்டார். 1984-ல் தோத்தார். அரசோட கொள்கை முடிவுக்காக அதுகிட்ட நஷ்டஈடு கேட்க முடியாதுன்னு நீதிமன்றம் சொல்லிடுச்சு. மேல்முறையீட்டிலும் அதே கதை. ஆனா அவர் விடலை. 1990-ல் நாடாளுமன்றம் கதிர்வீச்சு இழப்பீட்டுச் சட்டம் கொண்டு வந்தது. தகுதியுள்ள சுரங்கத் தொழிலாளிக்கு 1,00,000 டாலர். அவர் இறந்திருந்தா குடும்பத்துக்கு. அதோட, சட்டத்துக்குள்ளேயே தேசத்தோட மன்னிப்பு. பலருக்கு அது ரொம்பத் தாமதமா வந்த மன்னிப்பு.

யூடால் 2010-ல், 90 வயதில் இறந்தார். அந்த நிலத்தில் கைவிடப்பட்ட யுரேனியம் சுரங்கங்கள் 500-க்கும் மேல. சுத்தம் பண்ற வேலை இன்னும் முடியலை.

பதவியில் இருக்கும்போது மரம் நடுறது பெரிய விஷயம் இல்லைங்க. நாற்காலி போன பிறகு, அந்த நாற்காலியால் பாதிக்கப்பட்டவங்க வீட்டுக் கதவைத் தட்டுறதுக்குத்தான் தைரியம் வேணும். அடுத்த முறை ஒரு முன்னாள் அமைச்சர் சூழலைப் பத்திப் பேசினா, நான் அவரோட மேடைப் பேச்சைக் கேட்க மாட்டேன். அவர் யார் வீட்டுக் கதவைத் தட்டினார்னுதான் பார்ப்பேன்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.